வெறும் வயிற்றில் வந்தவன்

கையை நீட்டுங்க சார். இடது கையே போதும். விரலை மடக்கி நல்லா இறுக்கிக்கிடுங்க. கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க? நேத்து எட்டரைக்கா. நாலு இட்லி. சரி. காலைல காப்பி, டீ எதுவும்? இல்லையா. சரி சார், நீங்க இல்லேன்னு சொன்னா இல்லதான். நம்புதேன். இப்பல்லாம் யார் சொன்னாலும் நம்பிருதேன்.

அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, ஊசியைப் பாக்காதீங்க. எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சுருக். அவ்வளவுதான். பஞ்சை அமுக்கிப் பிடிங்க, தேய்க்காதீங்க, கன்னிப்போகும்.

ரத்தம் உறைய அரை மணி நேரம் ஆகும். அதுக்கு மேல மெசின்ல போட்டுச் சுத்தணும். இருந்து ரிப்போர்ட்டை வாங்கிட்டே போயிருங்க. கோர்ட்டுக்கு மாத்தலாயி வந்திருக்கேன்னு சொன்னீங்கள்லா? நல்லதாப் போச்சு. உள்ளூர்க்காரன்ட்ட ஒண்ணு சொன்னா அது நமக்கு முன்னாடி வீட்டுக்குப் போய்ச் சேந்திரும். வெளியூர்க்காரர்ட்ட சொன்னா சொன்ன எடத்துலயே கெடக்கும்.

பத்தொம்பது வருசமா இந்த ஊசியைப் பிடிக்கேன் சார். அதுல ஒண்ணு கத்துக்கிட்டேன். வெறும் வயித்துல வாங்கன்னு சொன்னா, வாரவன்ல பாதிப் பேரு பொய் சொல்லுவான். "ஒண்ணுமே சாப்பிடல அண்ணாச்சி"ம்பான், மீசைல வடை எண்ணெய் மின்னும். ஒரு வாத்தியார், பேர் வேண்டாம், பையில பாதி முறுக்கோட வந்தாரு. நமக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க. ரத்தத்தைக் குழாய்ல விட்டுச் சுத்தினா செவப்பெல்லாம் அடில போயிரும். மேல தண்ணி மாதிரி ஒண்ணு தெளிஞ்சு நிக்கும், நல்லெண்ணெய் கலர்ல, சீரம்னு சொல்லுவோம். அதுலதான் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பாக்கது. நெய்யும் கறியுமாத் தின்னுட்டு வந்திருந்தான்னா அது கலங்கலா நிக்கும். வாய் பொய் சொன்னாலும் குழாய் சொல்லாது. இப்படித்தான் சார் நெனைச்சுக்கிட்டிருந்தேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நெனைப்பாங்க?

என் பொண்டாட்டி வடிவுக்கு ஒரே தம்பி. கோமதிநாயகம்னு பேரு, நாயகம்னு கூப்பிடுவோம். முப்பத்தஞ்சு வயசு. ஸ்கூல் வேன் ஓட்டுதான். பிள்ளைகளை ஏத்திக்கிட்டு முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போக மாட்டான், ஹாரனைக் கூடப் பயந்து பயந்துதான் அடிப்பான். ஒரு பீடி கெடையாது, ஒரு சொட்டுச் சாராயம் கெடையாது. அவுக அப்பா குடிச்சே செத்த மனுசன். அவரைத் தூக்கிட்டுப் போய் வச்ச அன்னைக்கு எடுத்த முடிவு, இன்னைக்கு வரைக்கும் மாறல. ரெண்டு வருசமாச் சர்க்கரை இருந்துச்சு. மாத்திரை குடுத்திருந்தாங்க. ஞாபகம் வந்தாப் போடுவான்.

போன வைகாசில என் மகளுக்குச் சடங்கு வச்சோம். ஞாயித்துக்கிழமை. தாய்மாமன் அவன் ஒருத்தன்தானே, சீர்வரிசைத் தட்டோட, மேளத்தோட வந்து எறங்கினான். எங்க பக்கத்துல தாய்மாமன் இலைல ஒரு எடம் காலியா இருக்கக் கூடாது சார். இருந்தா விருந்து வச்சவனுக்கு மானக்கேடு. நானே வாளியை வாங்கிக்கிட்டுப் போய் நின்னேன். "போதும் மச்சான், போதும் மச்சான்"னு இலையை மறைக்கான். கையை விலக்கிட்டுப் போட்டேன். கறி, மறுபடியும் கறி, அதுக்கு மேல நெய்ச்சோறு. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சுக்கிட்டே தின்னான். மச்சான் மனசு நோகக் கூடாதுன்னு நெனைப்பான், அவன் சுபாவம் அது.

சாயங்காலமே மேல் வயித்துல வலின்னான். தெருவுல இருக்க கிளினிக்குக்குப் போனான். அந்த டாக்டரம்மா கெட்டிக்காரி சார், அதைச் சொல்லத்தான் வேணும். வயித்தை அமுக்கிப் பாத்துட்டு, "வலி முதுகுக்குப் போகுதா? முன்னாடி குனிஞ்சா கொஞ்சம் தேவலையா இருக்கா?"ன்னு கேட்டிருக்கு. ஆமான்னிருக்கான். உடனே சீட்டுல மூணு டெஸ்ட் எழுதிருச்சு. சர்க்கரை, கொழுப்பு, அப்புறம் அமைலேஸ். அந்த அமைலேஸ் கணையத்துக்குப் பாக்கது. கணையம் தெரியுமா சார்? அப்படி ஒண்ணு நமக்குள்ள இருக்குன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. இரைப்பைக்குப் பின்னாடி, முதுகெலும்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்துல கெடக்கும். சோறு செரிக்கதுக்கு ரசம் ஊத்தும். அது வீங்கிப் புண்ணாச்சுன்னா, சோத்தைச் செரிக்க வேண்டிய ரசம் அதையே செரிக்க ஆரம்பிச்சிரும்.

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியுமான்னு கேட்டா, தெரியும். படிச்சவன்தானே.

திங்கக்கிழமை காலைல ஆறரைக்கு வந்தான். மூஞ்சி வாடிக் கெடந்துச்சு. ரத்தம் எடுத்துட்டு அவனை வீட்டுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழிச்சு, சுத்தி முடிச்ச குழாயைத் தூக்கிப் பாக்கேன். பால் சார். கலங்கல் இல்ல, பால். நம்ம டீக்கடையில பாக்கெட்டை வெட்டி ஊத்துவாங்கள்லா, அந்த வெள்ளை. கீழ செவப்பு, மேல கெட்டியா வெள்ளை. பத்தொம்பது வருசத்துல அப்படி நான் பாத்ததில்ல.

எனக்கு என்ன தோணியிருக்கும்னு நெனைக்கீங்க? முந்தின நாள் ரெண்டு அண்டா கறி மிஞ்சிருச்சு. அதைச் சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் தூக்குவாளில குடுத்து விட்டாச்சு. மறுநாள் அதைச் சுண்ட வச்சுத் தின்னா அதுக்கு இருக்க ருசியே தனி. தின்னுட்டான்னு நெனைச்சேன். போனைப் போட்டேன்.

"ஏல, சுண்டக்கறியைத் தின்னுட்டா வந்தே?"

"இல்ல மச்சான். பச்சத்தண்ணி கூட பல்லுல படல மச்சான்."

"யாருக்குக் காது குத்துதே? எனக்குக் குத்தி நாப்பது வருசமாச்சு. தெவசத்துக்குச் சமைச்சதை மொத ஆளாத் தின்னுட்டு, காக்கா தின்னுட்டுன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு!"

"சத்தியமா மச்சான்..."

"சத்தியமெல்லாம் சாமிட்டப் பண்ணு. நாளைக்கு ஒழுங்கா வெறும் வயித்துல வா."

அப்படியே குழாயை வாஷ்பேசின்ல கவுத்தேன். தண்ணியைத் திறந்து விட்டேன். போயிருச்சு.

இதுல என் தப்பு என்ன சார், சொல்லுங்க? சாப்பிட்டுட்டு வந்தா அந்த ரத்தத்தைப் பாக்கக் கூடாது. அது விதி. விதிப்படி செஞ்சேன்.

செவ்வாக்கிழமை வந்தான். வந்தான்னா, அவன் பொண்டாட்டி இசக்கி வண்டியில வச்சுக் கூட்டிட்டு வந்தா. நிமுந்து நிக்க முடியல. அந்த நாற்காலியில, இப்ப நீங்க உக்காந்திருக்கியளே, அதுலதான், முன்னாடி குனிஞ்சு முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்தான். கை சில்லுன்னு இருந்துச்சு. "ராத்திரியும் சாப்பிடல அண்ணே, தொண்டைல எறங்கல"ன்னு இசக்கி சொன்னா. ரத்தம் எடுத்தேன். சுத்தினேன். தூக்கிப் பாத்தேன்.

பால்.

ரெண்டாம் நாளும் வெள்ளை. ராத்திரிச் சோறு கூட எறங்காதவன் ரத்தம் வெள்ளை. அப்ப நேத்து அவன் பொய் சொல்லலைன்னு ஆகுதுல்லா? நான் கத்துனது என்ன ஆகுது? கவுத்தது என்ன ஆகுது?

கொஞ்சம் இருங்க, உங்க குழாயை மெசின்ல வச்சிட்டு வாரேன். சத்தம் கேக்கும், ஒண்ணுமில்ல.

எங்க விட்டேன்? ஆங். சர்க்கரை எப்பவும் போலக் கூடுதல், கொழுப்புக்கு மெசின் நம்பரே தரல, அதை நாளைக்குத் தாரேன்னு எழுதிட்டேன். அமைலேஸ் மட்டும் அறுபத்தி நாலுன்னு காட்டுச்சு. நூறுக்குள்ள இருந்தா நார்மல். எனக்கு உசுரு வந்துச்சு. பாத்தியா, கணையம் இல்லை, வேற என்னமோ கொழுப்புக் கோளாறுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு கொரல், டிப்ளமா படிக்கும்போது மதுரையில ஒரு சார் நடத்தினது. சீரம் பாலா இருந்தா அமைலேஸை நம்பாதே, அந்தக் கொழுப்பே மெசினோட கண்ணை மறைச்சிரும், கூடுதலா இருக்கதை நார்மல்னு காட்டும், தண்ணி கலந்து நீர்க்க வச்சு மறுபடி பாருன்னு. ஒரு பரீட்சையில அது ரெண்டு மார்க் கேள்வி. நான் எழுதி ரெண்டு மார்க்கும் வாங்கினவன்.

ரிப்போர்ட்ல கடைசியா "குறிப்பு"ன்னு ஒரு வரி இருக்கும் சார். ரத்தம் எப்படி இருந்துச்சுன்னு அதுல எழுதணும். "பால் போல் உள்ளது." மூணு வார்த்தை. அதை எழுதினா டாக்டரம்மா போன் போடும். நேத்து எப்படி இருந்துச்சுன்னு கேக்கும். நேத்து ரத்தம் எங்கன்னு கேக்கும். அந்த வரியைச் சும்மா விட்டேன். எல்லா லேப்லயும் சும்மா விடுத வரிதான் அது. கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

டாக்டரம்மா அறுபத்தி நாலைப் பாத்துச்சு. அப்ப கணையம் இல்ல, குடல்புண்ணா இருக்கும்னு ஒரு ஊசி, ஒரு டானிக். வீட்டுக்கு அனுப்பிருச்சு. கெட்டிக்கார அம்மாதான். காகிதத்துல இருக்கதைத்தானே அது பாக்க முடியும்?

மத்தியானம் ஒரு மணிக்கு வடிவு ஓடி வந்தா. "ஏங்க, தம்பி என்னமோ மாதிரி இருக்கான், வாங்க"ன்னா. போய்ப் பாத்தா, தரையில உக்காந்து தலகாணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி பின்னாடி ஆடுதான். படுக்க வச்சா அலறுதான். வாந்தி. வயித்துல ஒண்ணுமே இல்ல, பச்சையா வருது. அவன் சித்தி தொப்புள்ல விளக்கெண்ணெயை வச்சிட்டு, குடலேத்தம், உருவிவிட்டாச் சரியாயிரும்னு கைய வயித்துக்குக் கொண்டு போறா. "தொடாதீங்க!"ன்னு கத்திட்டேன். என் சத்தம் எனக்கே வேற ஆள் சத்தம் மாதிரி கேட்டுச்சு. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. லேப்காரருக்கு விசயம் தெரியும்னு நெனைச்சிருப்பாங்க. தெரிஞ்சதுதான் சார் எனக்குப் பிரச்சினை.

கார் பிடிச்சுத் திருநெல்வேலிக்குப் போனோம். ஒண்ணரை மணி நேரம். முன்சீட்டுல நான். பின்னால அவனை நடுவுல வச்சு வடிவும் இசக்கியும். நான் திரும்பியே பாக்கல. அவன் மூச்சு மட்டும் கேட்டுச்சு, அறுத்த கோழி மாதிரி விட்டு விட்டு. நடுவுல ஒரு எடத்துல சத்தம் நின்னுச்சு. திரும்பிப் பாக்கத் தைரியம் இல்ல. டிரைவரு கண்ணாடியில பாத்துட்டு, "இருக்காரு"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு அந்த ஆளைக் கட்டிப் பிடிச்சு அழணும்போல இருந்துச்சு.

தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். எமர்ஜென்சில ஒரு சின்னப் பையன் டாக்டரு. மொதக் கேள்வியே, "குடிப்பாரா?" இல்லேன்னோம். ரெண்டு நிமிசம் கழிச்சு மறுபடி, "எவ்வளவு குடிப்பாரு?" இல்லேன்னோம். நர்ஸ் வந்து கேட்டா. இன்னொரு டாக்டரு வந்து கேட்டாரு. நாலாம் தடவை கேக்கும்போது இசக்கிக்குப் பொறுக்கல. "எங்க மாமனார் குடிச்சதுக்கு எம் புருசன்ட்டயா கணக்குக் கேக்கீய? வேன்ல அம்பது பிள்ளைகளை ஏத்திட்டுப் போற மனுசன் அவரு!"ன்னு கத்திட்டா. அந்த டாக்டரு தப்பாக் கேக்கல சார். பாத்த ஒடனே அவருக்குக் கணையம்னுதான் தோணியிருக்கு. அது வீங்குதுன்னா முக்காவாசி குடியில வரும், இல்லேன்னா பித்தப்பைக் கல்லுல வரும். இவன் குடிக்கலை. ஸ்கேன்ல கல்லைக் காணோம். கணையத்தைப் பாக்கலாம்னா வயித்துக் காத்து முழுக்க மறைச்சிருக்கு. கையில என் ரிப்போர்ட், அறுபத்தி நாலு, நார்மல். அப்ப வேற என்னன்னு தேட ஆரம்பிச்சிட்டாங்க. என் காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டுத் தேடுதாங்க. நான் பக்கத்துல நிக்கேன்.

சாயங்காலம் சர்ஜன் வந்தாரு. வயசான மனுசன். வயித்தைத் தொட்டாரு, பலகை மாதிரி இருக்குன்னாரு. "குடல்ல ஓட்டை விழுந்திருக்கலாம். காத்திருக்க முடியாது. தொறந்து பாத்துரணும். இங்க பெரியவங்க யாரு?"

எல்லாரும் என்னையக் கையைக் காட்டினாங்க. படிச்சவரு, லேப் வச்சிருக்காருன்னு மாமியார் சொல்லுதாங்க. பேனாவைக் குடுத்தாரு. பேப்பர்ல எங்கெங்க போடணும்னு நர்ஸ் காட்டுதா.

சார், நான் நிறையப் பயந்திருக்கேன். பாம்பு மேல காலை வச்சிருக்கேன். ஆனா அந்தப் பேனாவைப் பிடிச்சப்ப வந்த பயம் வேற. வாயைத் தொறந்தா என் பொழப்பு போகும், பேரு போகும், பொண்டாட்டி முகத்துல முழிக்க முடியாது. தொறக்கலைன்னா வீங்கிக் கெடக்க கணையத்தோட அவன் வயித்தைக் கிழிப்பாங்க. அதுல அவன் எந்திரிக்க மாட்டான். ரெண்டும் தெரியும். தெரிஞ்சும் மொதக் கையெழுத்தைப் போட்டேன். ஆமா, போட்டேன். பொய் சொல்லி என்ன?

ரெண்டாவது பக்கத்தைத் திருப்பும்போது இன்னொரு நர்ஸ் வந்தா. "டாக்டர், லேப்ல இருந்து சொல்லுதாங்க. ரத்தம் பால் மாதிரி இருக்காம், மெசின்ல ஓட்ட முடியாதாம். பேஷண்ட் நல்லாச் சாப்பிட்டுட்டு வந்திருப்பாரு, கீழ ஊத்தியாச்சு, வேற எடுத்து அனுப்புங்கன்னு சொல்லுதாங்க."

அங்கயும் ஒருத்தன், பாத்தீங்களா. என்னைய மாதிரியே ஒருத்தன். கீழ ஊத்திட்டான்.

கட்டில்ல கெடந்தவன் கண்ணைத் தொறந்தான். மருந்துல பாதி மயக்கம். நர்ஸைப் பாக்கல, டாக்டரைப் பாக்கல. என்னையத் தேடினான். ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. சொன்னான்:

"மச்சான்... சத்தியமா ஒண்ணும் சாப்பிடல மச்சான். நம்புங்க மச்சான்."

சாகப்போறவன் சார். அந்த நேரத்துல என்ன கேக்கணும்? தண்ணி கேக்கலாம். பிள்ளையைக் கேக்கலாம். எங்கிட்ட மன்னிப்புக் கேக்க மாதிரிக் கேக்கான்.

பேனாவைக் கீழ போட்டேன். சர்ஜன் கையைப் பிடிச்சேன். "சார், அவன் சாப்பிடல சார். நேத்தும் வெள்ளையாத்தான் இருந்துச்சு, நான்தான் ஊத்திட்டேன். இன்னைக்கும் வெள்ளை, நான்தான் எழுதல. அந்த அறுபத்தி நாலு பொய் சார். கொழுப்பு மறைச்சிருச்சு. நீர்க்க வச்சுப் பாருங்க சார், கிழிச்சிராதீங்க சார்"னு... எப்படிச் சொன்னேன்னு தெரியல. இசக்கி அவன் காலைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னா. ஆனா அவ அழுதுக்கிட்டிருந்தா, அவ காதுல விழுந்திருக்காது.

சர்ஜன் அந்தப் பேப்பரை எடுத்து ஓரமா வச்சாரு. "இதை நேத்தே எழுதியிருந்தா..."ன்னு ஆரம்பிச்சாரு. பாதில நிறுத்திட்டாரு. மீதியை நான் கேக்கல. அப்புறம் அந்தச் சின்ன டாக்டரு ஓட ஆரம்பிச்சாரு. புதுசா ரத்தம் எடுத்து, நீர்க்க வச்சுப் பாத்தா அமைலேஸ் தொள்ளாயிரத்துச் சொச்சம். கொழுப்புல ட்ரைகிளிசரைடுன்னு ஒண்ணு, நூத்தம்பது இருக்க வேண்டிய எடத்துல நாலாயிரத்து இருநூறு. சி.டி. எடுத்தாங்க, கணையம் வீங்கிச் சுத்திலும் தண்ணி கட்டிக் கெடக்கு. ஓட்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. குடி இல்லாம, கல்லு இல்லாம, ரத்தத்துல கொழுப்பு ஏறியே கணையம் வீங்கும்னு அந்தச் சின்ன டாக்டரு வெளியில வந்து சொன்னாரு. கவனிக்காத சர்க்கரை ஒரு காரணம், வம்சத்துலயே அப்படி ரத்தம் இருக்கது ஒரு காரணம், அதுக்கு மேல ஒரு பெரிய விருந்து. விருந்துன்னு சொல்லும்போது நான் தரையைப் பாத்தேன்.

பதினோரு நாள் ஐ.சி.யு. வாய்ல ஒரு பருக்கை கெடையாது, சலைனும் இன்சுலினும்தான். ரெண்டாம் நாள் மூத்திரம் நின்னு போச்சு. கண்ணாடி வழியா அந்தப் பையையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு சொட்டு விழுதான்னு. கோமதியம்மனுக்கு மொட்டை வேண்டிக்கிட்டேன், மாவெளக்கு வேண்டிக்கிட்டேன், இனிமே யாரையும் சந்தேகப்பட மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். மூணாம் நாள் மதியம் சொட்டு விழுந்துச்சு. அன்னைக்குத்தான் நான் சோறு தின்னேன்.

உங்க குழாய் சுத்தி முடிச்சிருச்சு. இதோ... வெளிச்சத்துல காட்டுதேன், பாருங்க. இப்ப எந்தக் குழாயை எடுத்தாலும் ரெண்டு தடவை தூக்கிப் பாத்துருதேன். உங்களுது தெளிவா இருக்கு. நல்லெண்ணெய்.

வார்டுக்கு மாத்தினப்ப சர்ஜன் எங்க ஆளுக எல்லார் முன்னாடியும் என் தோளைத் தட்டினாரு. "இவர் சொன்னதாலதான் கத்தி வைக்காமத் தப்பிச்சோம்"னாரு. முந்தின பாதியைச் சொல்லல. பெரிய மனுசன். மாமியார் என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் வேட்டி, சட்டை எடுத்துக் குடுத்தாங்க. தெருவுல எல்லாரும், "பரமசிவம் கண்டுபிடிச்சாராம்லா"ன்னு பேசினாங்க. நான் ஆமான்னு சொல்லல. இல்லேன்னும் சொல்லல. வேட்டியை வாங்கிக்கிட்டேன்.

வடிவு மட்டும் ஒண்ணு கேட்டா. ஆஸ்பத்திரி மாடிப்படியில, பிளாஸ்க்கைக் கையில வச்சுக்கிட்டு. "ஏங்க, தம்பி ரத்தம் வெள்ளையா இருக்கதை நீங்க மொத மொதல்ல என்னைக்குப் பாத்தீய?"

"செவ்வாக்கிழமை"ன்னேன்.

பிளாஸ்க் மூடியைத் திருகி இறுக்கினா. "சரி"ன்னா. அவ்வளவுதான் சார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்ல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. திங்கக்கிழமை நான் போன்ல கத்துனப்ப அடுக்களையிலதான் இருந்தா, லேப்புக்கும் அடுக்களைக்கும் ஒரு சுவருதான். ஆனா அவ மிக்சி போட்டிருந்தா. நாயகத்துக்கும் ஞாபகம் இருக்காது, மயக்கத்துல சொன்னதுதானே. இப்ப நல்லா இருக்கான். எளைச்சிட்டான், எண்ணெய், நெய் தொடக் கூடாது, மாத்திரை ஒழுங்காப் போடுதான். வேனை நிறுத்தி, "மச்சான், சௌக்கியமா"ன்னு கேட்டுட்டுப் போவான். உள்ள வர மாட்டான், பிள்ளைக வேன்ல இருக்கும்லா. மூணு மாசத்துக்கு ஒருக்கா கொழுப்பு பாக்கணும், அதைத் திருநெல்வேலியிலயே பாத்துக்கிடுதான். இசக்கி என்னையக் கண்டா முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு வேற தெரு வழியாப் போயிருதா. மரியாதைக்காரப் பிள்ளை.

ஒரு தப்பும் யாருக்கும் தெரியாம முடிஞ்சுபோச்சு. எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்கு.

இந்தாங்க உங்க ரிப்போர்ட். குறிப்பு வரியில எழுதியிருக்கேன் பாருங்க, "தெளிவாக உள்ளது"ன்னு. இப்ப எல்லாருக்கும் எழுதுதேன்.

கெளம்பறதுக்கு முன்னாடி இந்தக் கதவு வழியா ஒரு நிமிசம் பாருங்க சார். எதுத்தாப்ல புது லேப் ஒண்ணு தொறந்திருக்கான், சின்னப் பையன், நேத்து மொளைச்சவன். பெஞ்சுல பத்துப் பன்னெண்டு பேரு உக்காந்திருக்காங்கள்லா. அதுல மஞ்சச் சேலை, கடைசியில, சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காளே, அதான் வடிவு. அவளுக்கும் இப்பக் கொஞ்சம் சர்க்கரை தட்டுது, மாசாமாசம் பாக்கணும். வெறும் வயித்தோட, என் வாசலைத் தாண்டித்தான் அங்க போய் உக்காந்திருக்கா. ஏன்டி, நம்ம லேப் இருக்கும்போது அங்க எதுக்குப் போறேன்னு கேட்டா, "உங்ககிட்டக் கூட்டமா இருக்கு"ங்கா.

நீங்க ஆறரையில இருந்து இங்கதான் உக்காந்திருக்கீங்க. நீங்களே சொல்லுங்க சார். உங்களைத் தவிர யாராச்சும் வந்தாங்களா?